சலில் சௌத்ரி மொசார்ட்டிடம் எடுத்ததும் விட்டதும்

1961-இல் வந்த 'சாயா' இந்திப் படத்தில் தலத் மஹ்மூதும் லதா மங்கேஷ்கரும் பாடிய 'இத்னா ந முஜ்சே தூ ப்யார் படா' பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது மொசார்ட் ஆச்சே" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். சொல்வது சரிதான். பல்லவி மொசார்ட்டின் 40-ஆவது சிம்பனியின், அதாவது பெரிய வாத்தியக் குழுவுக்காக அவர் எழுதிய நீண்ட இசைப்படைப்பின், தொடக்கம். சிம்பனியை ஒருமுறை கேட்டவருக்குக்கூட முதல் அடியிலேயே தெரிந்துவிடும். பாட்டுக்கு இசையமைத்த சலில் சௌத்ரி அதை மறைக்க எந்த முயற்சியும் எடுக்கவில்லை.

அதோடு பேச்சு முடிந்துவிடுவதுதான் பிரச்சினை. வெளிநாட்டு மெட்டை எடுத்த இந்திப் பாட்டுகளின் பட்டியல் மிக நீளம். அதில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறோம். இந்த ஒரு பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே விடப்பட்டது எவ்வளவு, வந்தது இங்கே என்ன வேலை பார்க்கிறது என்று பார்ப்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

1788, வியன்னா

அந்த ஆண்டுக் கோடையில் மொசார்ட் கடனில் இருந்தார். மிஹாயெல் புக்பெர்க் என்ற வணிக நண்பருக்குப் பணம் கேட்டு அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. படிக்கவே சங்கடமாக இருக்கும். அதே கோடையில், ஒன்றரை மாத இடைவெளிக்குள், மூன்று சிம்பனிகளை முடித்தார். 39-ஆவது ஜூன் 26-இல், 40-ஆவது ஜூலை 25-இல், 41-ஆவது ஆகஸ்ட் 10-இல். எண்ணிட்ட சிம்பனிகளில் அவர் மைனர் சுருதியில் (சோகச் சாயல் தரும் மேற்கத்திய ஸ்வர அமைப்பு) எழுதியவை இரண்டே இரண்டு, 25-ஆவதும் 40-ஆவதும். இரண்டுக்கும் ஜி மைனர்தான்.

40-ஆவதின் தொடக்கத்தில் ஒரு விசித்திரம் உண்டு. மெட்டு வருவதற்கு முன்பே பின்னணி வந்துவிடுகிறது. வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியமான வயோலாக்கள் தாழ்ந்த குரலில் படபடவென்று முணுமுணுக்க, அதன் மேல் வயலின்கள் நுழைகின்றன. அந்த மெட்டை நமக்குப் பழகிய ஸ்வரங்களில் எழுதிப் பார்க்கலாம். ஜி-யை ஸட்ஜமாக வைத்தால் முதல் அடி இப்படி வரும்: த ப ப, த ப ப, த ப ப, அங்கிருந்து ஒரே தாவலில் மேல் ஸ்தாயிக் காந்தாரம். பிறகு படிப்படியாக இறக்கம்: க ரி ச, ச நி த, த ப ம ம. ஒரு கொத்து எந்த ஸ்வரத்தில் முடிகிறதோ அதிலேயே அடுத்தது தொடங்குகிறது, அந்தாதி மாதிரி. இரண்டாம் அடி அதே உருவத்தில் ஒரு படி கீழே: ப ம ம, ப ம ம, ப ம ம, தாவல் மேல் ரிஷபத்துக்கு; இறக்கம் ரி ச நி, நி த ப, ப ம க க.

முதல் அடியின் ஸ்வரங்கள் நடபைரவி ராகத்தில் அடங்கும். இரண்டாம் அடியில் நிஷாதம் அரைச் சுருதி ஏறிக் காகலி நிஷாதமாகிவிடுகிறது. கேட்கும் காதுக்குக் கீரவாணி. இப்படிச் சொல்வதால் மொசார்ட் ராகம் பாடினார் என்று அர்த்தமில்லை. அவருடைய கவலை முழுக்க அடியில் ஓடும் ஹார்மனியில், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் அடுக்கில், இருந்தது. ஆனால் ஓர் இந்திய இசையமைப்பாளரின் காதில் இந்த மெட்டு ஏன் சட்டென்று ஒட்டிக்கொண்டது என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது. ஹார்மனியை உருவிவிட்டாலும் இது தனியாக நிற்கும், பாடவும் வரும். மேற்கத்தியச் செவ்வியல் இசையில் எல்லா மெட்டையும் அப்படிச் சொல்லிவிட முடியாது. பேத்தோவனின் 5-ஆவது சிம்பனியின் அந்தப் பிரபலமான நான்கு தட்டுகளை வைத்துப் பல்லவி எழுதச் சொன்னால் திணறித்தான் போவார்கள்.

அப்புறம் மொசார்ட் அந்த மெட்டை என்ன செய்கிறார் என்பது முக்கியம். உடைக்கிறார். நடுப்பகுதியில் ஜி மைனரை விட்டு வெகுதூரத்தில் இருக்கும் எஃப் ஷார்ப் மைனருக்கு மெட்டைத் தூக்கிப்போய், அங்கிருந்து சுருதி சுருதியாக இழுத்தடித்து, கடைசியில் 'த ப' என்ற அந்த அரைச் சுருதிப் பெருமூச்சு மட்டும் மிஞ்சும்வரை நறுக்குகிறார். மெட்டு முழு உருவத்தோடு திரும்பி வரும்போது நமக்கு அது பழைய ஆளாகத் தெரியாது. சிம்பனியில் மெட்டு என்பது சிதைவதற்காகப் பிறக்கிற பொருள்.

தேயிலைத் தோட்டத்து இசைத்தட்டுகள்

சலில் சௌத்ரி வங்காளி. வளர்ந்தது அசாமின் தேயிலைத் தோட்டங்களில். அப்பா தோட்டத்து மருத்துவர், வீட்டில் மேற்கத்தியச் செவ்வியல் இசைத்தட்டுகள் சேர்ந்து கிடந்தன. வெளியே தோட்டத் தொழிலாளர்களின் நாட்டுப்பாட்டு, உள்ளே மொசார்ட்டும் பேத்தோவனும். பின்னாளில் அவர் இசையில் இந்த இரண்டும் அருகருகே உட்கார்ந்திருப்பது பயிற்சியால் வந்தது அல்ல. சின்ன வயதில் காதில் விழுந்த வரிசை அது.

கல்கத்தாவில் கல்லூரிக் காலத்தில் 'இப்டா' என்ற இடதுசாரி மக்கள் நாடக இயக்கத்தில் சேர்ந்தார். கூட்டாகப் பாடுவதற்கான போராட்டப் பாட்டுகள் எழுதினார், மெட்டமைத்தார். கூட்டுப் பாடல் என்றால் ஒரே குரலில் எல்லோரும் பாடுவது என்றிருந்த இடத்தில், குரல்களைப் பிரித்து ஹார்மனியாகப் பாடவைத்தார். பம்பாய்க்கு வந்தபிறகு பம்பாய் யூத் கொயர் என்ற பாடகர் குழுவைத் தொடங்கியதும் அதன் தொடர்ச்சிதான். அந்த வட்டத்தில் சோவியத் பாட்டுகளும் கிழக்கு ஐரோப்பிய நாட்டுப்பாட்டுகளும் சகஜமாகப் புழங்கின. 1953-இல் 'தோ பீகா ஜமீன்' படத்துக்கு அவர் போட்ட 'தர்த்தி கஹே புகார் கே' பாட்டில் சோவியத் செம்படையின் அணிவகுப்புப் பாட்டொன்றின் சாயல் நன்றாகவே தெரியும். அந்தப் படத்தின் கதையும் அவருடையதே. 1958-இல் 'மதுமதி' வந்தது, ஃபிலிம்பேர் விருதும் கிடைத்தது. அதில் 'தில் தடப் தடப் கே' பாட்டின் மூலம் போலந்துக் குழந்தைகள்வரை எல்லோருக்கும் தெரிந்த ஒரு நாட்டுப்பாட்டு, ஒரு பெண் காட்டுக்குள் நடந்துபோவதைப் பற்றியது.

ஆக 'சாயா' அவர் முதல் தடவை அல்ல. ஆனால் அவர் எங்கே எடுத்தார் என்பதைக் கவனியுங்கள். அந்த வருடம் ரேடியோவில் ஹிட்டான ஆங்கிலப் பாட்டு அவரை இழுக்கவில்லை. ஊர்ப் பாட்டு, அணிவகுப்புப் பாட்டு, 170 வருடத்துக்கு முந்தைய சிம்பனி. எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் பொதுச் சொத்தாகிவிட்டவை. இது திட்டமிட்ட நேர்மையா, ரசனையின் போக்கா என்பதை வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. எனக்கு ரசனை என்றுதான் படுகிறது.

'சாயா' நம்மூர் ஏ.வி.எம்.மின் இந்தித் தயாரிப்பு. இயக்கம் ரிஷிகேஷ் முகர்ஜி, நடிப்பு சுனில் தத், ஆஷா பரேக். பாட்டெழுதிய ராஜேந்திர கிஷன் மெட்ராஸில் எடுக்கப்பட்ட இந்திப் படங்களுக்கு நிறைய எழுதியவர். சலிலுக்கும் தெற்குக்கும் உறவு பின்னால் இன்னும் வளர்ந்தது: 1965-இல் மலையாள 'செம்மீன்', 1979-இல் பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்'. 'பூவண்ணம் போல நெஞ்சம்' என்று இன்றைக்கும் நாம் முணுமுணுப்பது அவர் மெட்டைத்தான். அவர் குழுவில் ஒரு காலத்தில் கிதார் வாசித்தவர்களில் இளையராஜாவும் ஒருவர்.

பல்லவியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

பாட்டின் பல்லவி ஒரு நாடோடி மனிதனின் எச்சரிக்கை. என்மேல் இவ்வளவு ஆசை வளர்த்துக்கொள்ளாதே, நான் திரிகிற மேகம். எனக்கே வீடில்லை, இன்னொருவருக்கு எப்படித் துணையாவேன் என்கிறான்.

அசைகளைப் பிரித்துப் பாருங்கள். 'இத்-னா-ந', 'முஜ்-சே-தூ', 'ப்யா-ர்-ப-டா'. மூன்று, மூன்று, நான்கு. மொசார்ட்டின் 'த ப ப, த ப ப, த ப ப க' என்ற கணக்கு அப்படியே உட்காருகிறது. நான்காவது ஸ்வரமான அந்தத் தாவல் 'படா' என்ற சொல்லின் முடிவில் விழுகிறது. 'படா' என்றால் வளர்ப்பது, ஏற்றுவது. மெட்டு மேலே எகிறும் இடத்தில் அந்தச் சொல்லைக் கொண்டுவந்து வைத்த ராஜேந்திர கிஷனுக்கு ஒரு தனிப் பாராட்டு. அடுத்து 'கே மைன் இக் பாதல் ஆவாரா' என்று மேகம் வருகிற இடம் இறக்கம். இரண்டாம் அடியில் 'கைசே கிஸீ கா சஹாரா பனூன்' அதே உருவத்தில் ஒரு படி தாழ்ந்து வருகிறது. ஆக எடுத்தது சிம்பனியின் தொடக்கத்தில் சில நொடிகள் ஓடுகிற இரண்டு அடிகள். அவ்வளவுதான். ஆனால் பாட்டின் முகமே அதுதான் என்பதால் 'கொஞ்சம்தான் எடுத்தார்' என்று தப்பிக்கவும் முடியாது.

இனி விட்டவை. முதலில் போனது அந்த வயோலாக்களின் முணுமுணுப்பு. மொசார்ட்டின் படபடப்பு மெட்டில் இருப்பதைவிட அந்தப் பின்னணியில்தான் அதிகம் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு மெட்டைத் தாளத்தின் மேல் வைத்ததும் பெருமூச்சு சட்டென்று தளர்ந்து நடைபோட ஆரம்பிக்கிறது. சோகத்தின் விளிம்பில் இருந்த மெட்டு, ஊர் சுற்றுகிறவன் கையை வீசிக்கொண்டு பாடுகிற பாட்டாகிவிட்டது. தலத் மஹ்மூதின் குரல் இதற்கு ரொம்பவே முக்கியம். அவர் குரலில் இயல்பாகவே ஒரு மெல்லிய நடுக்கம் உண்டு. உச்சத்துக்குத் தாவும்போதும் அழுத்தம் கொடுக்கமாட்டார். வயலின்கள் அந்த இடத்தில் பிடித்துத் தாவுகின்றன, தலத் தொட்டுவிட்டு இறங்கிவிடுகிறார். வேறு பாடகர் யாராவது முழுத் தொண்டையில் பாடியிருந்தால் இது சிம்பனியின் கேலிச் சித்திரமாகியிருக்கும்.

அடுத்தது, மொசார்ட்டிடம் இல்லவே இல்லாத ஒன்று: பதில். தலத் முடித்ததும் லதா அதே மெட்டில் வருகிறார். நீ திரிகிற மேகமாக இருப்பதால்தான் உன்மேல் ஆசை, என் பெயரே நீரோடை, ஜன்ம ஜன்மமாக உன் கூடவே இருக்கிறேன் என்கிறார். மேகத்துக்கு நீர் சொல்லும் பதில்! சிம்பனியின் தொடக்க அடிகளைக் கேட்டால் யாரோ ஒருவர் தனியாகத் தனக்குள்ளேயே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்கிற மாதிரி இருக்கும். சலில் அந்தத் தனிமொழியை உரையாடலாக்கிவிட்டார். ஒரே மெட்டு, இரண்டு வாய்கள், எதிரெதிர் வாதங்கள். மெட்டு மாறாமல் பொருள் மட்டும் புரளுகிறது.

சரணங்கள் முழுக்க அவருடையவை. சிம்பனியின் இரண்டாம் மெட்டு, நடுப்பகுதி எதையும் அவர் தேடிப் போகவில்லை. தனக்குத் தெரிந்த வழியில் மெட்டைக் கொஞ்ச தூரம் கூட்டிப்போய், வளைத்து, பல்லவியின் வாசலில் கொண்டுவந்து விடுகிறார். என் பார்வையில் இந்த வழக்கின் மையம் இந்த இடம்தான். சிம்பனி தன் மெட்டை உடைக்கிறது. நம் பாட்டு வடிவம் தன் பல்லவிக்குத் திரும்பித் திரும்பி வருகிறது. மொசார்ட் நிம்மதியில்லாமல் அலையவிட்ட ஒரு மெட்டைச் சலில் திரும்பி வரும் வீடாக ஆக்கினார், அதை எனக்கு வீடே இல்லை என்று சொல்கிறவன் வாயில் வைத்தார். அவன் மறுக்கும் ஒவ்வொரு முறையும் மெட்டு அவனைக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்துகிறது.

படத்தில் இதே பாட்டு இன்னொரு முறையும் வருகிறது, தலத் மட்டும் தனியாகப் பாடுவதாக, சோக நடையில். வேகம் குறைந்ததும் அடியில் இருந்த மைனர் சுருதி மேலே வந்துவிடுகிறது. லதாவின் பதிலும் இல்லை. இரட்டைப் பாட்டைவிட இந்த வடிவம்தான் மொசார்ட்டின் மனநிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மகிழ்ச்சியான பாட்டையே மெதுவாகப் பாடிச் சோகப் பாட்டாக்குவது அந்தக்காலப் படங்களில் வழக்கமான உத்திதான். பல படங்களில் அது ஒட்டவைத்த மாதிரி இருக்கும். இங்கே அப்படி இல்லை, ஏனென்றால் மெட்டு பிறந்த இடமே அதுதான்.

இந்த மெட்டைப் பாட்டாக்கியவர் சலில் மட்டுமல்ல. பெய்ரூத்தில் ரஹ்பானி சகோதரர்கள் இதை வைத்து ஃபைரூஸைப் பாடவைத்தார்கள்; 'யா அனா யா அனா' அரபு உலகம் முழுக்கப் பிரபலம். 1971-இல் அர்ஜெண்டினாக்காரர் வால்டோ தே லோஸ் ரியோஸ் டிரம்ஸ் சேர்த்து வாசிக்கவைத்த வடிவம் ஐரோப்பாவில் பெரிய ஹிட். அதே ஆண்டு சில்வி வர்த்தான் அதற்குச் சொற்கள் போட்டுப் பாடினார். வால்டோவின் வடிவம் சிம்பனிக்கு நவீன உடுப்பு மாட்டிவிட்டதோடு நின்றுகொண்டது. பத்து வருடம் முன்னால் பம்பாயில் நடந்தது அதைவிடப் பெரிய வேலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பெயர் போடாத விஷயம்

இசை: சலில் சௌத்ரி. மொசார்ட்டின் பெயர் இல்லை.

சட்டப்படி யாரும் எதுவும் கேட்க முடியாது. மொசார்ட் இறந்தது 1791-இல். நம் 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் படைப்பாளி இறந்து 50 ஆண்டுவரை உரிமை தந்தது, 1992-இல் அது 60 ஆனது. எப்படிக் கணக்குப் போட்டாலும் மொசார்ட் அதற்கு வெளியே. அணிவகுப்புப் பாட்டுக்கும் நாட்டுப்பாட்டுக்கும் உரிமை கேட்டு யாரும் பம்பாய்க்குக் கப்பலேறப் போவதும் இல்லை.

ஆர்.டி. பர்மனின் 'மெஹபூபா மெஹபூபா' வேறு ரகம். 'ஷோலே' வெளிவந்தது 1975 ஆகஸ்ட் 15. கிரேக்கப் பாடகர் டெமிஸ் ரூசோஸின் 'சே யூ லவ் மி' அதற்கு முந்தைய வருடத்துப் பாட்டு. பாடியவர் உயிரோடு இருந்தார், தட்டு கடைகளில் விற்றுக்கொண்டிருந்தது. பர்மன் தன் கரகரத்த குரலில் தானே பாடி, பீர் பாட்டிலில் ஊதிய ஓசையைச் சேர்த்து, அதை வேறொரு மிருகமாக்கினார் என்பது உண்மை. ஃபிலிம்பேரில் பாடகராக அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டதும் அந்த ஒரே பாட்டுக்குத்தான். ஆனாலும் அங்கே எழும் கேள்விக்கு எதிரில் உயிருள்ள ஓர் ஆள் நிற்கிறார். 1989-இல் 'பரிந்தா'வின் 'தும்ஸே மில்கே'யில் லியோ சேயரின் 'வென் ஐ நீட் யூ' எட்டிப்பார்ப்பதும் அதே ரகம்.

இதன் மறுபக்கமும் நடந்திருக்கிறது. 1981-இல் 'ஜோதி' படத்துக்காகப் பப்பி லஹிரி இசையமைத்து லதா பாடிய 'தோடா ரேஷம் லக்தா ஹை'யை அமெரிக்காவில் டிஜே குவிக் எடுத்து, ட்ரூத் ஹர்ட்ஸ் என்ற பாடகியின் 'அடிக்டிவ்' பாட்டுக்குள் வைத்தார். 2002-இல் அது ஹிட் ஆனது. லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றத்துக்கு விவகாரம் போனது. லஹிரியின் பெயரைப் போடாமல் அந்தத் தட்டை விற்கக்கூடாது என்று 2003-இல் உத்தரவு வந்தது. ஒரு இந்தி இசையமைப்பாளரின் பெயருக்காக அமெரிக்காவில் விற்பனை நின்றது நல்ல விஷயம்தான். 1980-இல் 'ப்யாரா துஷ்மன்' படத்துக்கு 'ஹரி ஓம் ஹரி' போட்டபோது, இரப்ஷன் குழுவின் 'ஒன் வே டிக்கெட்' மெட்டை எடுத்துக்கொண்ட அதே லஹிரி, அவர்கள் பெயரைப் போடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

சலிலின் பாட்டை இந்த இரண்டு ரகத்தோடும் சேர்க்கமுடியாது. யாருடைய வருமானமும் போகவில்லை, யாரும் ஏமாறவும் இல்லை. ஆனால் பெயர் போடாததை அதனால் நியாயப்படுத்திவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. நஷ்டம் மொசார்ட்டுக்கு இல்லை, கேட்பவருக்கு. 1961-இல் ஒரு சிறிய ஊரில் இந்தப் பாட்டைக் கேட்டு மயங்கிய ஒருவருக்கு, இதன் மறுமுனையில் அரைமணி நேர சிம்பனி ஒன்று இருக்கிறது என்று தட்டின் மேல் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்; ஒருவேளை தேடிப் போயிருப்பார். மெட்ராஸ் கோட்டையின் பேண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருத வரிகள் போட்டார், பிரிட்டிஷ் ராஜகீதத்தின் மெட்டில் வரும் 'சந்ததம் பாஹிமாம்' உட்பட. அவற்றுக்கு 'நோட்டு ஸ்வரம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது, எங்கிருந்து வந்தது என்பது பெயரிலேயே இருக்கிறது. சினிமாவில் அந்தப் பழக்கம் வரவே இல்லை. தயாரிப்பாளருக்கு அது தேவைப்படவில்லை, இசைத்தட்டு நிறுவனத்துக்கும் தேவைப்படவில்லை. இசையமைப்பாளர்களில் கேட்டு வாங்கியவர்களும் அபூர்வம்.

ஒப்பிட்டுக் கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. சிம்பனியின் முதல் பகுதியை நடுவில் நிறுத்தாமல் முழுக்கக் கேளுங்கள். வாசிப்பவர்களைப் பொறுத்து ஏழெட்டு நிமிடம் ஆகும். மொசார்ட் இதற்கு இரண்டு வடிவம் எழுதினார், கிளாரினெட் இல்லாமல் ஒன்று, அதைச் சேர்த்து இன்னொன்று. எது கிடைத்தாலும் சரி, தொடக்கத்தில் காதை வயலினுக்குக் கொடுக்காமல் அடியில் ஓடும் வயோலாவுக்குக் கொடுங்கள். பிறகு தலத்தின் தனிப்பாட்டு, கடைசியாக இரட்டைப் பாட்டு. பெரும்பாலோர் இரட்டைப் பாட்டில் தொடங்கி சிம்பனிக்குப் போய், "அட, அதேதான்" என்று நிறுத்திக்கொள்கிறார்கள். இந்த வரிசையில் கேட்டால் லதா நுழைகிற இடத்தில் 'அதே' என்ற சொல் வாயில் வராது.